தனியாக வசிப்பவர்கள்

நகராட்சி வரிப் பிரிவில் அவளுக்கு ‘மோப்பம்’ என்று பெயர். வைத்தவர்கள் பாராட்டாக வைக்கவில்லை. அவளோ அதைப் பதக்கம் போல மாட்டிக்கொண்டு திரிந்தாள். தனியாக வசிப்பவர்களுக்கு வீட்டு வரியில் சலுகை உண்டு. ஊரில் பாதிப் பேர் திடீரென்று தனியாக வசிக்கத் தொடங்கியதும், வரிக் கணக்கையும் குடிநீர்க் கணக்கையும் பஸ் பாஸ், அரசு மருந்தக முகவரிகளையும் கணினியில் ஒப்பிட்டுப் பொய்யைப் பிரித்தெடுக்கும் வேலை அவளுக்கு வந்தது. விதவை என்று எழுதிக்கொடுத்த அம்மாள் வீட்டுக் கதவைப் புருஷனே திறந்து, “அவ குளிக்கிறா, உட்காருங்க” என்று சொன்ன கதையெல்லாம் அவளிடம் ஏராளம்.

ஒரு செவ்வாய்க்கிழமை, திரையில் சிவப்பாக வந்த பெயர்களில் அவளுடைய அப்பா இருந்தார்.

அப்பாவும் அம்மாவும் விவாகரத்தானவர்கள். தெருவே வேடிக்கை பார்க்கச் சண்டை போட்டு, வக்கீல்களையே களைத்துப்போக வைத்து வாங்கிய விவாகரத்து அது. அதன்பின் சனிக்கிழமை அப்பா வீடு, ஞாயிற்றுக்கிழமை அம்மா வீடு என்று மகளின் விடுமுறையெல்லாம் கந்தலானது. இப்போது கணினி வேறு கதை சொன்னது. அப்பா வீட்டில் ஓடிய தண்ணீர் ஒரு பூனைக்குக்கூடப் போதாது. அவருடைய பஸ் பாஸும், அரசு மருந்தகம் அனுப்பும் மாத்திரையும் போகிற முகவரி அம்மாவுடையது. சலுகையை மட்டும் இருவரும் தனித்தனியாக வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

அப்பா குளிப்பதை நிறுத்திவிட்டாரோ என்றுதான் முதலில் நினைத்தாள். மருந்தக முகவரியைப் பார்த்த பிறகு விஷயம் புரிந்தது. நேராக அதிகாரியிடம் போனாள்.

“சார், இது எங்கப்பா. நான் தொடக்கூடாது.”

“அழிச்சிடட்டுமான்னு கேக்க வந்தியோன்னு நெனச்சேன்.”

“இல்ல சார். வேற ஆள அனுப்புங்க. காலையிலயே அனுப்புங்க, அப்பதான் பனியனோட சிக்குவாரு.”

மறுநாள் மதியத்துக்குள் அம்மா ஃபோன் செய்தாள்.

“உங்க ஆபீஸ்லருந்து ஒருத்தன் வந்துட்டுப் போனான்டி. கம்ப்யூட்டர் ஏதோ உளறியிருக்கு.”

“அப்பா அங்க இருக்காரா?”

“குழாய் ரிப்பேர் பண்ண வந்தாரு.”

“எப்ப வந்தாரு?”

“மூணு வருஷம் இருக்கும்” என்றாள் அம்மா.

அன்று மாலையே மகள் போய் நின்றாள். அப்பா சோபாவில் விருந்தாளியைப் போல நுனியில் உட்கார்ந்திருந்தார்.

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?”

“எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது?” என்றாள் அம்மா. “சொந்தக்காரங்க அத்தன பேரையும் கோர்ட்டுக்கு இழுத்து சாட்சி சொல்ல வெச்சாச்சு.”

“அப்ப சனிக்கிழமை?”

“நீ வர்றதுக்கு முன்னாடி முதல் பஸ்ஸப் புடிச்சுப் போயி பெருக்கி வெப்பேன்மா” என்றார் அப்பா, ஏதோ தியாகம் செய்தவர் மாதிரி.

“வரிய ஏமாத்துனதுக்கு ஆபீஸ் அபராதம் போடும். என் சனிக்கிழமைய ஏமாத்துனதுக்கு யாருகிட்டப் போவேன்?”

கத்திவிட்டுச் சமையலறைக்குள் போனாள். அப்பாவின் பல்செட் அம்மாவின் டம்ளரில் கிடந்தது. அழுகை வருகிற மாதிரி இருந்து சிரிப்பாக வந்தது.

வாங்கிய சலுகையை இருவரும் அபராதத்தோடு திருப்பிக் கட்டினார்கள். அப்பா தன் வீட்டை வாடகைக்கு விட்டார். திரும்பக் கல்யாணம் மட்டும் கிடையாது என்று அம்மா முடிவாகச் சொன்னாள். கட்டிக்கொண்டால் பழையபடி சண்டை வருமாம்.

அப்பாவின் முகவரியை மாற்ற இருவரும் நகராட்சிக்கு வந்தபோது, அவருக்கு நீங்கள் என்ன உறவு என்று கவுன்ட்டரில் அம்மாவிடம் கேட்டார்கள்.

“தெரிஞ்சவங்கன்னு போட்டுக்கோங்க” என்றாள் அம்மா.

அப்பா அன்று முழுக்க அம்மாவிடம் பேசவில்லை. ஆனாலும் திரும்பும் பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோர சீட்டாகப் பிடித்து வைத்தார்.