பெரிய பொட்டு, சின்னப் பொட்டு

கமலாம்பிகை அக்காவை ஒருவருக்கும் பிடிக்காது. அவருக்கும் ஒருவரையும் பிடிக்காது. ஸ்காபரோவில், கென்னடி வீதியோரப் பிளாசா ஒன்றின் கடைக்கோடியில் இருந்த கடையில் நாங்கள் ஒன்றாக வேலை செய்தோம். நான் சேர்ந்த அன்று என் கைகளைப் பார்த்துவிட்டு அவர் சொன்ன முதல் பேச்சு, "காப்பைக் கழட்டு. மெசின் இழுத்தால் கையும் சேர்ந்து போகும்" என்பதுதான். அதை நான் அன்பு என்று எடுத்துக்கொள்ளவில்லை. அவரும் அப்படி நினைத்துச் சொல்லியிருக்க மாட்டார்.

அது வேட்டைக்காரர்களின் கடை. துப்பாக்கி விற்பது கொஞ்சம்தான். சுட்டுக் கழிந்த தோட்டாவின் பித்தளைக் கோதை எறியாமல் வைத்திருந்து, அதை மறுபடி நிரப்பிச் சுடுகிறவர்களுக்கான சாமான்கள்தான் அங்கே பெரும்பகுதி. புதுத் தோட்டா வாங்குவதைவிட அது மலிவாம். வீட்டுக்குக் கீழே பேஸ்மென்றில் வைத்துத் தாங்களே செய்வார்களாம். சுடும் சங்கங்களில் பொறுக்கிய கோதுகள் எங்களுக்கு வாளி வாளியாக வரும். பின்னறையில் நானும், என்னோடு வேலை செய்த மற்றத் தமிழ்ப் பெண் கிளடிசும் அவற்றை அமில நெடி வீசும் தண்ணீரில் கழுவி, மெசினில் போட்டு மினுக்கி, அளவு பார்த்துப் பிரிப்போம். மாலையில் விரல்கள் கறுத்துப் போயிருக்கும்.

"அங்கை அவங்கள் சுட்டாங்கள், ஓடி வந்தம். இங்கை இவங்கள் சுட்ட கோதைக் கழுவிறம்" என்பார் கமலாம்பிகை அக்கா. சிரிக்காமல்தான் சொல்லுவார்.

சாமான்களுக்குத் தமிழில் பெயர் வைத்ததும் அவர்தான். பவுடருக்கு மருந்து. ஈயத்துக்குக் குண்டு. கோதின் அடியில் குத்தி வைக்கிற, ஊசி அடித்ததும் நெருப்புப் பறக்கிற சின்ன உலோக வட்டம் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் பிரைமர். அதற்குப் பொட்டு. தட்டில் வரிசையாக அடுக்கியிருக்கும்போது பார்த்தால் பொட்டு அட்டை மாதிரியேதான் இருக்கும். அதிலும் இரண்டு அளவு உண்டு: பெரிய பொட்டு, சின்னப் பொட்டு. கடைக்குள் எங்கள் வாயில் பொட்டு என்றால் அதுதான். மற்றப் பொட்டைப் பற்றிப் பேச அங்கே ஆளில்லை. கிளடிஸ் பொட்டு வைக்காத கிறிஸ்தவ சபைக்காரி. நான் வேலைக்கு வைத்துப் போவதில்லை, வேர்வையில் கழன்று தண்ணீருக்குள் விழும். கமலாம்பிகை அக்காவின் கணவர் தொண்ணூறில் ஷெல் விழுந்து இறந்துபோனார். அதன்பிறகு அவர் நெற்றியில் ஒன்றும் இல்லை.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அவர் பார்க்டேலில் ஒரு பழைய ஹோட்டலில் அறை துப்புரவு செய்தார். பிறகு டோர்செட் பார்க்கில் தங்கை பாலேஸ்வரி குடும்பத்தோடு வந்து சேர்ந்து, இந்தக் கடையின் பின்னறைக்கு வந்தார். ஒருநாள் கவுண்டரில் நின்ற பெடியன் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுவிட்டான். இன்று மட்டும் போய் நில் என்று முதலாளி இவரை அனுப்பினான். இவர் போய் அங்கேயிருந்த உயரமான ஸ்டூலில் ஏறி இருந்தார். மறுநாள் வீட்டிலிருந்து ஒரு மெத்தைத் துண்டு கொண்டுவந்து அந்த ஸ்டூலில் கட்டினார். அவ்வளவுதான், இறங்கவேயில்லை.

அந்த ஸ்டூல்தான் கிளடிசின் கண்ணை உறுத்தியது. அவளுக்கு அமிலத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது. விரல் இடுக்குகள் எல்லாம் வெடித்து, கையுறை போட்டாலும் எரியும். கவுண்டரில் இருந்தால் கை காயும். கமலாம்பிகை அக்காவுக்கும் அது தெரியும். "எனக்கும் வெடிச்சதுதான். நான் ஆரையும் இறக்கிப்போட்டு ஏறேல்லை" என்று ஒருமுறை அவள் முகத்துக்கு நேரே சொன்னார். கவுண்டரை விட்டால் தனக்குத் திரும்பவும் அந்தத் தண்ணீர்தான், அல்லது தெருத்தான் என்று அவர் நன்றாக அறிந்திருந்தார்.

தொண்ணூற்று நாலில் பொட்டுக்குத் தட்டுப்பாடு வந்தது. அமெரிக்காவில் ஏதோ துப்பாக்கிச் சட்டம் என்று அங்குள்ளவர்கள் கண்டபடி வாங்கிக் குவிக்கிறார்களாம், இங்கேயும் சட்டம் வருமாம், கொம்பனிகள் அனுப்புவதில்லையாம். இப்படித்தான் வருகிறவர்கள் பேசிக்கொண்டார்கள். முதலில் பொட்டு விலை ஏறியது. பிறகு மருந்து. பிறகு ஈயமும் ஏறியது. முதலாளி மாதத்துக்கு ஒரு தடவை விலைச் சீட்டுகளை மாற்றினான். இலையுதிர் காலம் வந்து, தாரா வாத்து வேட்டை தொடங்கியபோது கடையில் பொட்டே இல்லை.

இல்லை என்பது முதலாளியின் சொல். பின்னறையில், ஈயக்குண்டுச் சாக்குகளுக்குப் பின்னால், தார்ப்பாயால் மூடி இருந்தது. அடுக்கியவள் நான். தனக்கு வேண்டியவர்களுக்குப் பின் கதவால் இரட்டை விலைக்குக் கொடுப்பான். மற்றவர்கள் கேட்டால் இல்லை என்று சொல்லுங்கள் என்றான். சொல்ல வேண்டியவர் கவுண்டரில் இருந்தவர்.

நாள் முழுக்க அவர் அதைத்தான் சொன்னார். "நோ பிரைமர்." அதற்கு வந்த பதில்களைப் பின்னறைக் கதவு இடுக்கால் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவன் கவுண்டர்க் கண்ணாடியில் கையால் அடித்தான். ஒருவன் உன் நாட்டுக்கே போ என்றான். செந்தாடிக்காரன் ஒருவன் கிழமைக்கு இரண்டு தரம் வருவான். அவன்தான் அந்தக் கதையைத் தொடக்கியவன்: உங்கள் ஆட்கள் எல்லாவற்றையும் வாங்கி உங்கள் நாட்டுச் சண்டைக்கு அனுப்புகிறார்களாமே? மற்றவர்கள் சிரித்தார்கள். அடுத்த கிழமை அதைச் சிரிக்காமல் கேட்டார்கள்.

முன்பெல்லாம் பொட்டு வாங்க வருகிறவர்களிடம் அவர், "லார்ஜ் ஓர் ஸ்மோல்?" என்று முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு கேட்பார். அதை இப்போது அவர்கள் அவருடைய குரலிலேயே திருப்பிச் சொல்லி நக்கலடித்தார்கள். அவர் ஸ்டூலை விட்டு அசையவில்லை. "நாய் மாதிரிக் குலைக்கட்டும். வாய் நோகேக்கை போவாங்கள்" என்று எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

கதை முதலாளியின் காதுக்கும் போனது. தன் பதுக்கலை மறைக்க அவனுக்கு அது வசதியாக இருந்திருக்க வேண்டும். எங்கள் மூவரையும் கூப்பிட்டு, யாராவது ஒரு பெட்டியை வெளியே கொண்டுபோனால் அந்த நிமிடமே வேலை இல்லை, பொலிசுக்கும் சொல்லுவேன் என்றான்.

ஒரு புதன்கிழமை, சாப்பாட்டு நேரம், கமலாம்பிகை அக்கா பின்னறை வாசலுக்கு வெளியே இருந்த தொலைபேசியில் பேசினார். எனக்குக் கேட்கவில்லை, மெசின் ஓடிக்கொண்டிருந்தது. கிளடிஸ் வந்து மெசினை நிறுத்தினாள்.

"உம்மடை அக்கா என்ன கதைச்சவ எண்டு கேட்டனீரோ?"

"இல்லை."

"பெரிய பொட்டு பத்துப் பெட்டி எடுத்து வைச்சிருக்கிறாவாம். சின்னனுக்குத் தட்டுப்பாடாம், கொஞ்சந்தான் கிடைச்சதாம். வெள்ளிக்கிழமை பையிலை கொண்டு வாறாவாம். ஆர் தந்தது எண்டு ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாதாம்." கிளடிசின் கண் மினுங்கியது. "எப்பிடியிருக்கு?"

"மற்றப் பொட்டாயிருக்கும்" என்றேன்.

"அவவுக்கு என்னத்துக்கு மற்றப் பொட்டு? நெத்தியை மொட்டையாய் வைச்சுக்கொண்டு திரியிறவ. அதிலை என்ன மூச்சு விடாத ரகசியம்?"

அவள் சொன்னதில் நியாயம் இருப்பதுபோலத்தான் இருந்தது. மெசினைத் திரும்பப் போட்டுவிட்டு அவள் முதலாளியின் அறைப் பக்கம் போனாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கடை நிறைய ஆட்கள். லொறி வருகிறது என்று யாரோ கதை கட்டிவிட்டிருந்தார்கள். முதலாளி நேரே கவுண்டருக்கு வந்தான். பையைத் தா என்றான். கமலாம்பிகை அக்கா எதற்கு என்று கேட்டார். அவன் ஸ்டூலுக்குக் கீழே இருந்த பையை இழுத்து, கண்ணாடியின் மேல் கவிழ்த்தான்.

முதலில் சாப்பாட்டுப் பெட்டி உருண்டது. பிறகு பொட்டுப் பெட்டிகள் வாய் திறந்து, அட்டை அட்டையாகக் கொட்டின. சிவப்பு, அரக்கு, கரையில் கல் வைத்தது. சில வழுக்கி நிலத்தில் விழுந்தன. செந்தாடிக்காரன் ஒன்றை எடுத்து, புருவத்தைத் தூக்கி, தன் நெற்றியில் பிடித்துக் காட்டினான். சிரிப்பு எழுந்தது.

முதலாளி கிளடிசைத் திரும்பிப் பார்த்தான். பின்னறை வாசலில் நின்ற அவள் கையை ஏப்ரனில் துடைத்தபடியே இருந்தாள்.

"சொல்லு பிள்ளை" என்றார் கமலாம்பிகை அக்கா. "இங்கிலீசிலை சொல்லு அந்தாளுக்கு. இது என்ன சாமான்?"

"நீங்கள் பொட்டு எண்டுதானே போனிலை சொன்னனீங்கள்..."

"ஓம். பொட்டுத்தான். பாலேஸ்வரியின்ரை மகள் பெரியபிள்ளையானதுக்கு நாளைக்குச் சாமத்தியவீடு. வாற பொம்பிளையளுக்குக் குடுக்க."

"அதை ஏன் ஒளிச்சுக் கதைக்கவேணும்?"

"என்ரை கை பட்டது எண்டு தெரிஞ்சால் நீங்கள் வாங்கி வைப்பியளோடி? புருசன் இல்லாதவள் குடுத்த பொட்டை? அதுக்குத்தான் தங்கச்சி வாங்கினதாய் இருக்கட்டும் எண்டனான். இப்ப சந்தோசமோ?"

கிளடிஸ் வாய்க்குள், "உங்கடை நெத்தியிலை இல்லாத சாமான் எண்டு நினைச்சன்" என்றாள்.

"என்ரை நெத்தியை நீ ஏன் அளக்கிறாய்?"

முதலாளிக்கு இதில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் பிரைமர் இல்லை என்பது விளங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்கவில்லை. இந்தக் குப்பையை எடு, வேலையைப் பார் என்று கையால் காட்டினான். பிறகு கூட்டத்தைப் பார்த்து, இன்றைக்கும் பிரைமர் இல்லை, அடுத்த கிழமை வாருங்கள் என்றான். அதோடு நின்றிருக்கலாம். கமலாம்பிகை அக்காவைப் பார்த்து, நீயே அவர்களுக்குச் சொல்லு என்றான்.

அவர் அட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். நிலத்தில் கிடந்தவற்றையும் குனிந்து எடுத்தார். செந்தாடிக்காரனின் கையிலிருந்ததைப் பிடுங்கினார். பையை மூடினார். ஸ்டூலில் கட்டியிருந்த மெத்தைத் துண்டை அவிழ்த்தார். அதைக் கண்டபோதே எனக்கு விளங்கிவிட்டது.

"லார்ஜ் ஓர் ஸ்மோல்?" என்று கேட்டார்.

செந்தாடிக்காரன் நக்கல் என்று நினைத்துச் சிரித்தான்.

அவர் திரும்பவும் கேட்டார். பெரியது வேண்டுமா, சின்னது வேண்டுமா? இரண்டும் உண்டு. பின்னறையில், ஈயச் சாக்குகளுக்குப் பின்னால், நீலத் தார்ப்பாய்க்குக் கீழே. மாசி மாதத்திலிருந்து அங்கேதான் இருக்கிறது. அவருக்கு ஆங்கிலம் தட்டுத் தடுமாறித்தான் வரும். அன்று ஒரு சொல்லிலும் இடறவில்லை.

முதலாளி கதவை மறிக்க ஓடினான். அதற்குள் ஆட்கள் உள்ளே வந்துவிட்டார்கள். நான் மெசினோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். சாக்கு ஒன்று கிழிந்து ஈயக்குண்டு நிலமெல்லாம் ஓடியது. தார்ப்பாயை இழுத்தபோது பெட்டிகளில் பழைய விலைச் சீட்டு அப்படியே இருந்தது, ஏறுவதற்கு முன்னிருந்த விலை. பழைய விலைக்கே தா என்று கத்தத் தொடங்கினார்கள். உனக்கு வேலை இல்லை, வெளியே போ என்று முதலாளி அவர்களின் தலைகளுக்கு மேலால் கத்தினான். கமலாம்பிகை அக்கா அப்போது பிளாசா முற்றத்தைக் கடந்து பஸ் தரிப்பிடத்துக்குப் போய்விட்டார், கக்கத்தில் மெத்தைத் துண்டோடு.

ஸ்டூல் கிளடிசுக்குக் கிடைக்கவில்லை. முதலாளி தன் மருமகனைக் கொண்டுவந்து ஏற்றினான்.

மறுநாள் மில்லிக்கன் பக்கத்து மண்டபம் ஒன்றில் சாமத்தியவீடு. நானும் போயிருந்தேன். பாலேஸ்வரியும் கிளடிசும் ஒரே கட்டிடம், ஒரே மாடி. ஆகவே அவளுக்கும் அழைப்பு இருந்தது. பொட்டு யார் வாங்கியது என்ற கதை அவளுக்கு முன்பே மண்டபத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. பாலேஸ்வரியின் மச்சாள் பொட்டுத் தட்டை மேசைக்குக் கீழே தள்ளி வைத்திருந்தார். கமலாம்பிகை அக்கா குனிந்து அதை எடுத்துக்கொண்டு போய் வாசலில் நின்றார். நல்ல சேலை, வெறும் நெற்றி.

"நல்ல நாளிலை நீங்கள் ஏன் வாசலிலை?" என்றார் மச்சாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"வேலை போயிட்டுது. சும்மாதானே இருக்கிறன், நிக்கிறன்."

பாலேஸ்வரி ஓடிவந்து தமக்கையின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். வந்த பெண்களில் சிலர் வாங்கினார்கள். சிலர் குழந்தையைத் தூக்குவதுபோலப் பாவனை செய்து விலகிப் போனார்கள். அப்படி விலகினவர்களை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கைக்குள் வைத்து அமுக்கினார். மண்டபம் நிறைய ஆட்கள் இருக்க யார்தான் வேண்டாம் என்பார்?

கிளடிஸ் வந்தாள். பொட்டு வைக்காதவள், சும்மா உள்ளே போயிருக்கலாம். ஆனால் தட்டு அவளுக்குக் குறுக்கே நீண்டு நின்றது.

"பெரிசோ, சின்னனோ?" என்று கேட்டார் கமலாம்பிகை அக்கா, அதே கவுண்டர் முகத்தோடு.

கிளடிஸ் என்னைப் பார்த்தாள். நான் என் கையிலிருந்த அட்டையைப் பார்த்தேன். அவள் வெடித்த விரல்களை நீட்டி, மெதுவாக, "சின்னன்" என்றாள்.

"சின்னன் இல்லை. தட்டுப்பாடு. அடுத்த கிழமை வா."

தட்டில் சின்னப் பொட்டு மூன்று அட்டை கிடந்தது. கிளடிசும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.