முப்பது நோன்பும் ஒரு வீடும்

எங்கள் ஊரில் பெண்ணுக்கு நகை குறைந்தால் பேசிச் சரிக்கட்டலாம். வீடு இல்லையென்றால் பேச்சே கிடையாது. நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்ணின் வீட்டுக்குக் குடிவருவார். அதனால் பெண் பிறந்த அன்றைக்கே வாப்பாமாருக்குச் செங்கல் கவலை தொடங்கிவிடும். என் லாத்தாவுக்காக, என்னைவிட மூன்று வயது மூத்த அக்காவுக்காக, எங்கள் வாப்பா கட்டிய வீடு தெருக்கடைசியில், கடற்காற்று நேராக வந்து மோதும் இடத்தில் இருந்தது. அதைக் கட்டி முடித்த கையோடு கொழும்பில் அவர் வைத்திருந்த கடை போயிற்று. பாஸ்போர்ட், விசா என்று புதிது புதிதாகச் சட்டம் வந்தது. ஊருக்கு வந்தவரால் திரும்பிப் போக முடியவில்லை. சரக்கும் போய், கூட்டாளியும் கைவிரித்து, கடன் மட்டும் பத்திரமாகக் கடல் தாண்டி வந்து சேர்ந்தது.

வட்டிக்கு வாங்குவது ஹராம் என்று வாப்பா அந்த வீட்டை ஒத்தி வைத்தார். ஒத்தி என்றால் வட்டி கிடையாது. பணம் கொடுத்தவர் வீட்டை எடுத்துக்கொள்வார். பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்வரை அவர் இஷ்டம்போல அனுபவித்துக்கொள்ளலாம். எங்களுக்குப் பணம் கொடுத்தவர் கருவாட்டு வியாபாரி. லாத்தாவின் கல்யாண வீட்டில் அவர் கருவாட்டு மூட்டைகளை அடுக்கினார். மாப்பிள்ளைக்கென்று சுண்ணாம்பை வழவழவென்று தேய்த்துப் பூசிய உள்ளறையில் சுறாக்கருவாடு. நாங்கள் பின்தெருவில் ஓர் ஓலைக்கூரை வீட்டுக்குப் போனோம். தெற்கிலிருந்து காற்றடித்தால் எங்கள் வீட்டு நாற்றமே எங்களைத் தேடி வரும். ஊரார் மூக்கைப் பொத்துவார்கள், நாங்கள் பொத்த மாட்டோம். எங்களுக்கென்ன ரோஷமா இல்லை!

ஒத்திக்கு ஐந்து வருஷக் கெடு. ஆனால் லாத்தாவுக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை கொழும்பில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். மூன்றாம் வருஷம் ஊருக்கு வருவதாக இருந்தது. அவருடைய உம்மாவை நாங்கள் மாமி என்போம். மாமி ஒருநாள் வந்து, வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "எம் மவன் வந்து எறங்குறப்ப வீட்டுச் சாவி பொண்ணு கையில இருக்கணும். கருவாட்டுக் கிட்டங்கியிலயா மாப்ளைய படுக்கப் போடுவீக?"

வாப்பா கருவாட்டு வியாபாரியிடம் போய்க் கேட்டார். அந்த மனிதரைக் குறை சொல்ல மாட்டேன். "முழுப்பணத்தையும் ஒண்ணாக் கொண்டாங்க. எப்பக் கொண்டாந்தாலும் சாவி தாரேன்" என்றார்.

முழுப்பணத்துக்கு எங்கே போவது? வாப்பா பலசரக்குக் கடையில் சம்பளத்துக்கு நின்றார். உம்மாவும் நாங்கள் இருவரும் பனையோலையில் கொட்டான் முடைந்தோம். மூடிபோட்ட சிறு பெட்டிகள். கல்யாணப் பலகாரம் வைக்க ஊரில் எல்லாரும் வாங்குவார்கள். ஓலைக் கூர் கிழித்து விரல் நுனியெல்லாம் எரியும். அந்த விரலால் மிளகாய் அரைத்துப் பாருங்கள், தெரியும்.

அன்று முதல் குடும்பத்தை நடத்தியது லாத்தா. வாப்பாவுக்கு மானம் போன வருத்தம், உம்மாவுக்கு மூச்சிரைப்பு. லாத்தா விற்காமல் நின்ற கொட்டான்களில் சிலவற்றை எடுத்து அடுப்படி மாடத்தில் வரிசையாக வைத்தாள். அரிசிக்கு ஒன்று, மீனுக்கு ஒன்று, எண்ணெய்க்கு ஒன்று, விறகுக்கு ஒன்று, நல்ல தண்ணீர்க்காரனுக்கு ஒன்று. எங்கள் கிணறு உப்புக் கரிக்கும், குடிக்கிற தண்ணீரைக் குடம் கணக்கில் வாங்க வேண்டும். அதுபோக எங்கள் நால்வருக்கும் ஆளுக்கொன்று. துணி, மருந்து, சோப்பு எல்லாம் அதற்குள். கடைசியில் பெரிதாக ஒன்று, சிவப்புச் சாயம் ஏற்றியது. அது வீட்டுக் கொட்டான். சம்பளம் வந்த அன்று முதல் காசு அதில்தான் விழும். மிச்சத்தை மற்றவற்றில் பிரித்துப் போடுவாள். ஒரு கொட்டான் காலியானால் காலிதான். மீன் கொட்டான் தீர்ந்துவிட்டது என்றால் எண்ணெய்க் கொட்டானில் கை வைக்க விடமாட்டாள்.

"ஒரு காலணா எடுத்தா என்ன லாத்தா, வீடு இடிஞ்சா போயிரும்?" என்று நான் கத்துவேன்.

"இடியாது புள்ள. ஆனா வராது" என்பாள்.

காலையில் கேப்பைக் கூழ். சாயல்குடிக் கருப்பட்டியில் ஒரு கட்டியை நால்வர் கடித்துக்கொண்டு வெறும் தேயிலைத் தண்ணீர். மீனை மதியம் வாங்க மாட்டாள். வலைக்காரப் பெண்கள் கூடையைக் கவிழ்த்து வீட்டுக்குத் திரும்பும் நேரம் பார்த்து, மிஞ்சிய காரப்பொடியை அள்ளி வருவாள்; முள் பாதி, சதை பாதி. விளக்குக்கு ஊற்றும் எண்ணெயை மிச்சம் பிடிக்க, அந்தியில் மஃரிபு பாங்கு சொல்வதற்கு முன்னாலேயே சோற்றை முடித்துவிடுவோம். பெருநாளைக்குப் பழைய தாவணியைச் சாயத்தில் முக்கிப் புதுசாக்குவாள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் நிஜமாகவே கட்டினோம். எனக்குக் கோபம் கோபமாக வரும். யாரோ ஒருவன் வந்து படுக்க ஒரு வீடு வேண்டும் என்பதற்காக நான் ஏன் காரப்பொடி முள்ளைச் சப்ப வேண்டும்?

லாத்தாவுக்குக் கோபம் வராது. அவளுக்கு அந்த வீடு வேண்டும். மாப்பிள்ளையை அவள் பார்த்ததுகூட இல்லை. வீட்டைத்தான் பார்த்திருந்தாள். சுவர் எழும்பும்போது வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய் ஜன்னல் எங்கே வர வேண்டும் என்று சொன்னவள் அவள். கொட்டான் முடைந்துகொண்டே, "அங்கன ஒரு கருவேப்பிலைக் கண்ணு வைக்கணும்" என்பாள். வேறொன்றும் பேச மாட்டாள்.

எங்கள் வீட்டில் சோறு தனித்தட்டில் கிடையாது. சஹன் என்கிற ஒரு பெரிய தட்டில் சோற்றைக் கொட்டி, நடுவில் ஆணத்தை, குழம்பை, ஊற்றி, உம்மாவும் நாங்களும் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவோம். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். பரக்கத்து, இருப்பது பெருகும் என்பார்கள். அந்தத் தட்டில் யார் எவ்வளவு தின்றார்கள் என்று யாருக்கும் தெரியாது. லாத்தாவின் கை எங்கள் கையோடு சேர்ந்து போகும், வரும்.

போதாததற்கு நோன்பு வேறு. திங்களும் வியாழனும் நோன்பு வைப்பது நல்ல காரியம். லாத்தா அதைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மாதத்தில் நிலா நிறைகிற நாட்களிலும் வைத்தாள். நோன்பு வைக்காதே என்று எந்த வீட்டில் சொல்வார்கள்? உம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. "எம் மவ நோன்பாளி" என்று தெருவெல்லாம் சொன்னார். அரிசிக் கொட்டான் மாதக் கடைசிவரை தீராமல் நின்றதும் இந்த நோன்பும் ஒன்றுக்கொன்று சொந்தம் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கென்று வைத்த கொட்டானையும் மாதம் பிறந்ததுமே சிவப்புக் கொட்டானில் கவிழ்த்துவிடுவாள்.

ரமலானில் பள்ளிவாசல் கஞ்சி இலவசம். ஒரு தூக்குவாளி நிறைய வரும். எங்களுக்கு வரும்படி கூடிய மாதம்போல அது. பெண்களுக்கு அந்த மாதத்திலும் சில நாள் விலக்கு உண்டு. மாதவிலக்கு நாளில் நோன்பும் கூடாது, தொழுகையும் கூடாது. விட்ட நோன்பைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். எனக்கு அந்த நாள் வந்தால், வாப்பா கண்ணில் படாமல் அடுப்படி மூலையில் பழைய கஞ்சியைக் குடிப்பேன். லாத்தா அந்த மூலைக்கு வந்ததே இல்லை. ஒரு ரமலான் முழுக்க வரவில்லை, அடுத்த ரமலானிலும் வரவில்லை. தொழுகைப் பாயை ஒருநாளும் மடித்து வைக்கவில்லை. அவள் பின்னல் எலிவால் ஆகிவிட்டது. கை வளையல் முழங்கைவரை ஏறியது. உம்மாவுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? தெரியும். வீட்டை மீட்டபிறகு நாலு முட்டை கொடுத்தால் தேறிவிடுவாள் என்று நினைத்திருப்பார். இந்த மாதிரி விஷயத்தை வாய்விட்டுப் பேசுகிற வீடு இல்லை எங்களுடையது.

அந்த இரண்டாவது ரமலானில் வாப்பா பணத்தை மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுபோய்க் கொடுத்தார். கெடுவுக்கு இரண்டு வருஷம் மீதி இருந்தது. ஊரே வாயைப் பிளந்தது. சாவியை லாத்தா கையில் வாப்பா கொடுத்தபோது அவர் அழுதுவிட்டார். லாத்தா அழவில்லை. நேரே போய் உள்ளறையைத் திறந்தாள். நாங்கள் நோன்போடு சாம்பலும் எலுமிச்சைத் தோலும் போட்டுத் தேய்த்தோம். சாம்பிராணி போட்டோம். மற்ற அறைகள் தேறின. அந்த உள்ளறை மட்டும் தேறவில்லை. சுண்ணாம்புக்குள்ளேயே கருவாடு ஊறிப்போயிருந்தது.

பெருநாளன்று மாமி பலகாரத் தட்டோடு வந்தார். மகன் அடுத்த மாதம் தலைமன்னாரிலிருந்து கப்பல் ஏறி வருகிறார். வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார். பிறகு லாத்தாவை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னடியம்மா, பொண்ணு இப்படி எளைச்சுக் கெடக்குறா?"

உம்மாவுக்குச் சுருக்கென்றது. மகளை விட்டுக்கொடுக்க முடியுமா? "நோன்பு மாமி, நோன்பு! முப்பதையும் முழுசாப் புடிச்சா எம் புள்ள" என்றார்.

மாமி வெற்றிலை மடிப்பதை நிறுத்தினார். "முப்பதுமா?"

"ஆமா, முப்பதும்!"

"ஒண்ணுகூட விடலையா?"

"ஒண்ணுகூட விடலை. போன வருசமும் அப்படித்தான்."

சொல்லி முடித்த பிறகுதான் உம்மாவுக்கு உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது. கதவோரம் நின்றிருந்த எனக்கும் உறைத்தது. மாமி மெதுவாக வெற்றிலைப் பெட்டியை மூடினார். "அல்லாஹ் கபூலாக்குவான், ஏத்துக்குவான்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். பலகாரத் தட்டை வைத்துவிட்டுத்தான் போனார். அந்த வாரமே ஆள் அனுப்பினார்: "மூத்தது வேணாம். பேரப்புள்ள பாக்கணும் எனக்கு. சின்னதைத் தாங்க. வீடு அதே வீடுதான்."

அடிப் பாவி! மனசு என்று ஒன்று இருக்கிறதா என்று கேட்கத் துடித்தேன். உம்மா தன் வாயிலேயே அடித்துக்கொண்டார். வாப்பா பள்ளிவாசலுக்குப் போனவர் இருட்டியும் வீட்டுக்கு வரவில்லை. நான் முற்றத்தில் நின்று, "நான் மாட்டேன். அந்த வூட்டை இடிச்சுக் கடல்ல போடுங்க. எனக்கு மாப்ளையும் வேணாம், மண்ணும் வேணாம்" என்று கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

லாத்தா என்னைப் பிடித்து உள்ளே இழுத்தாள். அவள் கையில் எலும்புதான் இருந்தது.

"கத்தாத புள்ள. நீ மாட்டேன்னா நாளைக்கி வாப்பா இந்த வூட்டை மறுபடி ஒத்திக்குத்தான் வைப்பாக. ஒனக்கு வேற மாப்ள பாக்க வேற காசு வேணுமுல்ல?"

"வச்சா வைக்கட்டும்!"

"அப்ப நான் திங்காத சோறெல்லாம் என்னத்துக்கு ஆகும்?" என்றாள். அதுவரை அவள் அதைச் சொன்னதில்லை. சொன்னதும் அவளுக்கே வெட்கமாகிவிட்டது, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

என் நிக்காஹ் நடந்தது. பத்திரத்தை என் பெயருக்கு எழுதினார்கள். விருந்தன்று நெய்ச்சோறு, ஆட்டுக்கறி, கத்தரிக்காய்ப் பச்சடி. லாத்தாவை வம்பாகப் பிடித்து என் சஹனில் உட்கார வைத்தேன். அன்றைக்குத்தான் நான் என் சோற்றைப் பார்க்காமல் அவள் கையைப் பார்த்தேன். கை தட்டுக்கு வந்தது. சோற்றைப் பிசைந்தது, ஒதுக்கியது, என் பக்கம் தள்ளியது. வாய்க்குப் போனது நாலு பருக்கை. பழகிய கை, அதற்கு விருந்தென்று தெரியவில்லை.

"தின்னு லாத்தா. இன்னைக்கி எந்தக் கொட்டானும் இல்ல" என்றேன்.

"தின்னுட்டுத்தான இருக்கேன்" என்றாள்.

ஒரு கவளத்தை உருட்டி நானே அவள் வாயில் வைத்தேன். எனக்காக விழுங்கினாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து கொல்லைப்புறம் போனாள். கிணற்றடியில் அவள் ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. பந்தலில் சிரிப்பும் பேச்சுமாக இருந்தது, வேறு யாருக்கும் கேட்கவில்லை.

லாத்தாவுக்கு அப்புறம் யாரும் பெண் கேட்டு வரவில்லை. எங்களோடேயே இருந்தாள், என் பிள்ளைகளை வளர்த்தாள். மாப்பிள்ளை உள்ளறையில் படுக்க முடியாது என்று சொல்லிவிட்டதால் முன்னறையை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். ஜன்னல் எங்கே வரவேண்டும் என்று அவள் சொன்ன அந்த உள்ளறையில், கருவாட்டு வாடைக்குள், கண்ணை மூடி மவுத்தாகும்வரை லாத்தாதான் படுத்திருந்தாள். எத்தனையோ தடவை சுண்ணாம்பு அடித்துவிட்டோம். மழைக்காலம் வந்தால் இப்போதும் வாடை வருகிறது.