பெரியப்பா நாடு கடத்திய பீன்ஸ்

எங்கள் பெரியப்பா போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் விசாரணையை விடவில்லை. ஆட்கள் கிடைக்காததால் காய்கறிகளை விசாரித்தார்.

ஆடி அமாவாசைச் சமையல் வருடா வருடம் தென்காசியில் பெரியம்மாவின் பொறுப்பு. நான் ஆறாம் வகுப்பு படித்த வருடம் பெரியம்மா கையை முறித்துக்கொண்டதால், தாத்தாவுக்கான படையல் மேலகரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அம்மாவுக்கு அதுதான் முதல் அமாவாசைச் சமையல். பெரியப்பா இலையிலிருந்து பாதியில் எழுந்துவிட்டால், அடுத்த ஆடி வரை சொந்தக்காரர்களுக்கு வேறு பேச்சே இருக்காது. முதல் நாளிலிருந்தே அம்மா கழுவிய பாத்திரங்களையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

பெரியப்பா தம்பி மனைவியிடம் நேரே பேச மாட்டார். அது அவர் பார்த்த மரியாதை. நடுவே ஓர் ஆள் வேண்டும். அந்த உத்தியோகம் எனக்கு. அம்மா இரண்டடி தூரத்தில் நின்றாலும் என்னைப் பார்த்துத்தான் பேசுவார்.

அமாவாசையன்று காலை, கைக்கட்டோடு இருந்த பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தவர், அடுக்களை வாசலில் நின்று, காய் நறுக்கிய தாம்பாளத்தைப் பார்வையிட்டார். வாழைக்காய், சேனை, புடலை, சீனியவரை என்று நாங்கள் சொல்லும் கொத்தவரங்காய் எல்லாம் தேறிவிட்டன. ஓரத்தில் பீன்ஸ் ஒரு குவியல் இருந்தது. பிஞ்சாக இருக்கிறதே என்று அப்பா ஆசைப்பட்டு, பாவூர்சத்திரம் சந்தையில் வாங்கி வந்தது.

“ஏட்டி, ஒங்க அம்மாட்ட சொல்லு. பீன்ஸ் சீமைக்காய்லா? படையலுக்கு ஆகாது.”

அம்மாவின் முகம் செத்துப்போய்விட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. எது எது எந்த நாட்டிலிருந்து கப்பலேறி வந்தது என்று டீச்சர் அந்த வாரம்தான் பாடம் நடத்தியிருந்தார்.

“மிளகாயும் அமெரிக்காவுல இருந்துதான் வந்துச்சு பெரியப்பா. அத மட்டும் சேக்கோம்லா?”

மிளகாய்க்கு இடம் உண்டென்றால் பீன்ஸுக்கும் உண்டு என்று தீர்ப்பாகும் என எதிர்பார்த்தேன். பெரியப்பா மீசையைத் தடவி யோசித்தார்.

“அப்பம் மிளகாயும் வெளிய. மிளகு போடச் சொல்லு.”

அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

அப்பா, பெரியப்பா, நான் மூவரும் தர்ப்பணத்துக்காகக் குற்றாலம் கிளம்பினோம். ஆட்டோவில் பெரியப்பா என்னைத் துருவினார். “வேற என்னல்லாம் அமெரிக்கா?” அதுவரை எந்தப் பெரிய மனுஷரும் என்னிடம் இவ்வளவு அக்கறையாக எதையும் கேட்டதில்லை. தலைகால் புரியாமல் ஒப்பித்தேன். தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, மஞ்சள் பூசணி, முந்திரி. குளித்துத் தர்ப்பணம் முடிந்ததும், ஈர வேட்டியோடு வீட்டுக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தார்.

“அம்மா! பாயாசத்துல முந்திரி போடக் கூடாதாம்!” என்று அருவி இரைச்சலுக்கு மேலே கத்தினேன்.

“நீ வீட்டுக்கு வாட்டி,” என்றாள் அம்மா.

வரும் வழியில் பழ வண்டி ஒன்றில், வீட்டுக்கு வாங்கலாமென்று பெரியப்பா ஓர் அன்னாசியைத் தூக்கி மோந்து பார்த்தார். “பெரியப்பா, அன்னாசியும்...” என்று இழுத்தேன். பழத்தை வைத்துவிட்டார். அதுவரை சாட்சியாக இருந்த என்னை முதன்முறையாகக் குற்றவாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

வீட்டில் அடுக்களைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அம்மாவும் பெரியம்மாவும் சிரிக்கிற சத்தம். பயந்துபோன அம்மாவைப் பெரியம்மா தேற்றுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். காக்காய்க்கு வைத்த சோற்றைக் காக்காய் எந்த விசாரணையும் இல்லாமல் சாப்பிட்டது. நாங்கள் பந்தியில் உட்கார்ந்தோம்.

சாம்பார் நல்ல சிவப்பாக இருந்தது. அப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டே, “மிளகு நல்ல காரம்,” என்றார். சாம்பார் பொடிக்கு மிளகாய் அரைபட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

அப்போதுதான் பார்த்தேன். பெரியப்பா இலையில், அவியலுக்குள், சாய்வாக நறுக்கிய ஒரு பீன்ஸ் துண்டு. கரண்டியோடு நின்றிருந்த அம்மாவும் அதைப் பார்த்துவிட்டாள். பெரியப்பா அந்தத் துண்டை இரண்டு விரலால் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். பிறகு வாயில் போட்டு மென்றார்.

பாவம், பெரியப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது, பீன்ஸுக்கும் சீனியவரைக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று எனக்கு வருத்தமாகிவிட்டது.

“அவியல் இன்னும் கொஞ்சம் வையிம்மா. நல்லா இருக்கு,” என்றார், என் பக்கம் திரும்பாமலே.

அவர் சொல்வதை அம்மாவிடம் கொண்டு சேர்ப்பது என் வேலையாயிற்றே.

“அம்மா, பெரியப்பா இன்னும் கொஞ்சம் அவியல் கேக்காங்க. நல்லா இருக்காம்,” என்றேன்.

அம்மா ஏற்கெனவே அவர் இலைக்கு முன்னால் குனிந்திருந்தாள். அவள் கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. மிளகு கொஞ்சம் கூடிப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.