புழுவுக்குப் போட்ட கணப்பு

ஐம்பத்து நாலாம் வருஷத்து மார்கழியில் சானமாவுக் காட்டோரத்தில் குளிருக்குப் பயப்படாமல் வாழ்ந்தவை பட்டுப்புழுக்கள் மட்டும்தான். மனுஷர்களுக்குப் பல் தந்தியடித்தது. ஓசூரிலிருந்து அட்டையில் வாங்கி வந்த முட்டை பொரிந்து, எறும்பு அளவில் நெளிகிற புழுக்களுக்கு முதல் பத்து நாள் சூடு வேண்டும். அதற்காகக் கெம்பம்மாவின் வீட்டு உள்ளறையில் இரவும் பகலும் கணப்புச் சட்டி கனன்றது. வெளியறையில், கோணிப்பைக்கு அடியில், அவள் பெற்ற இரண்டும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு நடுங்கின.

கெம்பம்மா அத்திப்பள்ளிப் பக்கத்துக்காரி. ஜூஜுவாடி எல்லையைத் தாண்டித் தீர்த்தகிரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஏழு வருஷம் ஆகிறது. பேசுவது தமிழ், கோபமும் அழுகையும் வந்தால் கன்னடம். மூத்தவள் காவேரிக்கு ஆறு வயசு, சரியான வாயாடி. சின்னவன் முனிவேலுக்கு மூன்று வயசு, பக்கத்தில் இருப்பதையெல்லாம் உருட்டித் தள்ளாமல் தூங்க மாட்டான். வீட்டில் இருந்த ஒரே கம்பளியைத் தீர்த்தகிரி காவலுக்கு எடுத்துப் போய்விடுவான். களத்தில் ராகிப் போர் கிடந்தது. யானை இறங்கினால் ஒரு வருஷச் சாப்பாடு போச்சு. அவனையும் குறை சொல்ல வழியில்லை.

திங்கட்கிழமை காவேரிக்கு இருமல் பிடித்தது. சாயங்காலம் அவன் கம்பளியைத் தோளில் போடும்போது கெம்பம்மா மெல்லக் கேட்டாள்.

"புள்ளைங்கள உள்ள படுக்க வெக்கட்டுமா?"

"உனக்கென்ன பைத்தியமா? சின்னவன் மூத்திரம் பெஞ்சு வெப்பான். தீட்டுப் பட்டா ஒரு தட்டுப் புழு தேறுமா?"

புழு வளர்க்கிறவர்களுக்கு அந்த அறை கோயில் மாதிரி. குளிக்காமல் போகக் கூடாது, குழந்தைகளை விடக் கூடாது, புகை ஆகவே ஆகாது. புகை பட்டால் புழு இலையைத் தொடாது. அதனால் கரியை வாசலில் வைத்து ஊதி, புகையெல்லாம் அடங்கி, செக்கச் செவேலென்று கனிந்த பிறகுதான் சட்டியை உள்ளே கொண்டுபோவார்கள். புகையில்லாத நெருப்பு நல்ல நெருப்பு. கெம்பம்மாவுக்கும் ஊருக்கும் தெரிந்தது அவ்வளவுதான். சூடு வெளியே போகாமல் இருக்கத் தீர்த்தகிரி ஜன்னலில் கோணியைத் திணித்து, அதன்மேல் சாணியும் பூசி வைத்திருந்தான்.

செவ்வாய்க்கிழமை விடிகிற நேரம். வெயில் ஏறுமுன் புழுவுக்கு மல்பெரி இலை பறித்தாக வேண்டும். கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பியவள் காவேரியின் காலைத் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது. புழுவாவது பூச்சியாவது என்று அவளுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. நியாயமான ஆத்திரம்தான். பெற்றவள் வேறு என்ன செய்வாள்?

இரண்டு பேரையும் தூக்கி உள்ளறையில் கிடத்தினாள். இருமுகிறவளுக்குச் சட்டியை ஒட்டி இடம்; நெருப்பை உருட்டிவிடுவான் என்று சின்னவனுக்குக் கதவோரம். கதவை இறுக்கச் சாத்திவிட்டுத் தோட்டத்துக்குப் போனாள். புருஷன் வருமுன் பிள்ளைகளை வெளியறைக்குக் கொண்டுவந்துவிட்டாள். புழுக்கள் நன்றாகத்தான் இருந்தன. காவேரி மட்டும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"தலை வலிக்குதும்மா."

"குளிர் ஏறியிருக்கும்டி. நாளைக்கு இன்னும் கிட்டத்துல படுத்துக்கோ."

புதன்கிழமையும் தலைவலி. குடித்த கூழையெல்லாம் வாந்தி எடுத்தாள். வியாழக்கிழமை உள்ளே போகவே மாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டாள். கெம்பம்மா அவள் விரல்களைப் பிரித்துத் தூக்கிப் போனாள். "வெளிய கெடந்தா சளி நெஞ்சுல எறங்கிடும், சொன்னா கேளு" என்று அதட்டினாள். வெள்ளிக்கிழமை கை மறைகிற பனி. இரண்டு பிடி கரி கூடுதலாகப் போட்டுச் சட்டியை வைத்தாள்.

அன்றைக்குக் காவேரி எழுந்திருக்கவில்லை. முனிவேல் வாந்தி எடுத்து, வீறிட்டு அழுது, பிழைத்துக்கொண்டான். "ஏளு மகளே, ஏளு" என்று கெம்பம்மா கன்னடத்தில் கதறிக் கதறி எழுப்பியது தெருக்கோடி வரை கேட்டது. களத்திலிருந்து ஓடி வந்த தீர்த்தகிரி அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. மகளைக் கம்பளியில் சுற்றினான். குளிருக்குக் கிடைக்காத கம்பளி குழிக்குக் கிடைத்தது.

ஊர் ஒரே நாளில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. இரண்டு வீடு தள்ளி இருந்த பூவம்மாள்தான் முதலில் சொன்னாள்.

"ஒரு புழு கூட சாகல பாரு. தீட்டுப் பண்ணினதுக்குச் சாமி புள்ளைய எடுத்துக்கிச்சு."

கெம்பம்மா அதை நம்பினாள். சாவு விழுந்த வீட்டார் புழுவைத் தொடக் கூடாது என்று பூவம்மாள் தட்டுகளையும் கணப்புச் சட்டியையும் தன் வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பட்டு ஆபீஸ்காரர் சைக்கிளில் வந்தார். புழு எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்தவர். சாவு நடந்தது அவருக்குத் தெரியாது. வெறும் அறையை எட்டிப் பார்த்தவர் கண்ணில் ஜன்னல் பட்டது.

"இப்படி அடைச்சு வெச்சுட்டா கரி போட்டீங்க? ஒரு சாணாவது தெறந்திருக்கணுமே."

"புகையே கெடையாதுங்களே சாமி" என்றாள் கெம்பம்மா.

"புகை இல்லாட்டி என்னம்மா? கரி நெருப்புல ஒரு விஷக் காத்து வரும். கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் இருக்காது. மொதல்ல தலை வலிக்கும், வாந்தி வரும். அப்பவே வெளிய காத்தாட வந்துட்டா பொழச்சுக்கலாம்."

"புழுவுக்கு?"

"அதுக்கு லேசுல ஒண்ணும் ஆகாது. மனுஷங்களுக்குத்தான் ஆபத்து."

சொல்லிவிட்டு அவர் சைக்கிளைத் திருப்பினார். சுவரோரம் உட்கார்ந்திருந்த தீர்த்தகிரி எழுந்து போய் ஜன்னல் கோணியை இரண்டு கையாலும் பிய்த்தான். காய்ந்த சாணி அவன் முகத்தில் கொட்டியது. அவன் நிறுத்தவில்லை. கெம்பம்மாவுக்கு அவனைப் பார்க்க நேரமில்லை. பூவம்மாள் வீட்டிலும் இரண்டு பிள்ளைகள் இருந்தன, இப்போது சட்டியும் அங்கேதான் இருந்தது. சாவுத் தீட்டோடு, அவிழ்ந்த தலையோடு ஓடினாள்.

பூவம்மாள் வாசலில் குறுக்கே நின்றாள். கெம்பம்மா அவளைத் தள்ளிவிட்டு உள்ளே போய், அந்த வீட்டுக்கு இருந்த ஒரே அறையில் புழுத் தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து சோழி விளையாடிய இரண்டு பிள்ளைகளையும் கைக்கு ஒன்றாக வெளியே இழுத்துப் போட்டாள். திரும்பப் போய்ச் சட்டியைத் தூக்கி முற்றத்தில் கவிழ்த்தாள். உள்ளங்கை பொசுங்கியது. குளிரில் பிள்ளைகள் அலறின.

"என் வீட்டையும் நாசம் பண்ண வந்தியாடி?" பூவம்மாள் அவள் முந்தானையைப் பிடித்து உலுக்கினாள்.

"நெருப்புதான்க்கா கொன்னுச்சு. ஆபீஸ்காரர் இப்பத்தான் சொல்லிட்டுப் போறாரு. தலை வலிக்குதுன்னு அவ மூணு நாளாச் சொன்னா."

"நெருப்பா? உன் வீட்டுல ஒரு புழு கூட சாகலையேடி. என் கண்ணால பாத்தேனே."

"சாகலக்கா. எனக்குத் தெரியும்." கெம்பம்மாவின் குரல் அடங்கிவிட்டது. "இலையக் கொண்டாந்ததும் நான் மொதல்ல புழுவத்தான் பாத்தேன். ரெண்டும் கன்னம் செவக்க அசந்து தூங்குதுங்க, சூடு ஒத்துக்கிச்சுன்னு சந்தோஷப்பட்டேன். எழுப்ப வேணாம்னு சத்தமில்லாம இலைய அரிஞ்சு, எல்லாத் தட்டுக்கும் போட்டேன். போட்டு முடிச்சுட்டுத்தான் அவளத் தொட்டேன். நான் உள்ள வந்தப்ப அவளுக்கு மூச்சு இருந்துச்சான்னு எனக்குத் தெரியலக்கா."