பிரிஜட் முடிக்காத பாடம்

நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். பிரிஜட் இன்றும் நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் அந்த மாடியறையைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். ஒரே ஒரு தடவை வாய் திறந்து சொன்னாள். அதைத்தான் இங்கே எழுதுகிறேன், ஒரு சொல் கூட்டவில்லை.

1978ஆம் வருஷம், சிங்கப்பூர். பிரிஜட்டுக்குச் சரித்திரம் என்றாலே கொட்டாவி வரும். செத்துப்போனவர்கள் எந்த வருஷம் எந்தக் கப்பலில் வந்தால் எனக்கென்ன என்பாள். அதன் பலன், ஓ லெவல் பரீட்சையில் மற்றதெல்லாம் தேறி, சரித்திரத்தில் மட்டும் கோட்டை விட்டாள். அந்த ஒரு பாடம் கையில் இருந்தால் ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போடலாம். இந்த முறையும் போனால் ஜூரோங்கில் ரேடியோ தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

டன்லப் ஸ்ட்ரீட் கடைவீட்டின் மாடியில் ஒரே அறைக்குள் குடும்பமே முட்டி மோதிக்கொண்டிருந்தது. படிக்க இடம் ஏது? கீழே மளிகைக் கடை வைத்திருந்த வீட்டுக்காரர் நெய்னா முகம்மதுவிடம் அம்மா அல்போன்சம்மாள் போய் நின்றார். மேல்மாடிப் பின்னறை சும்மாதானே கிடக்கிறது, பிள்ளை படிக்கட்டுமே என்று கேட்டார். நெய்னா சற்றுத் தயங்கினாராம். பிறகு, அங்கே விளக்கு கிடையாது, இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும் என்று சொல்லி ஒப்புக்கொண்டார்.

முதல் நாள் மாலை பிரிஜட் ஏறிப் போனாள். ஜன்னல் இல்லாத அறை. கூரையில் பதித்திருந்த ஒரு கண்ணாடி ஓடு வழியாகத்தான் வெளிச்சம். தெருச் சத்தம் வராமலிருக்கக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். பத்து வரி படிப்பதற்குள் கண் சொக்கியது.

அப்போதுதான் ஒரு குறுக்கு வழி தோன்றியது. கோயிலில் பாடும் மாதா பிரார்த்தனை அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒருவர் முன்னால் பாட, சனங்கள் எல்லாரும் 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று பதில் பாடுவார்கள். அந்த ராகத்திலேயே வருஷங்களைப் பாடி மனப்பாடம் செய்தால் என்ன? வேண்டுதல் ராகத்தில் விளையாடக் கூடாது என்று தெரியும். ஆனாலும் பரீட்சைப் பயம் யாரை விட்டது?

"ஆயிரத்து எண்ணூற்றுப் பத்தொன்பதில் ராஃபிள்ஸ் வந்திறங்கினார்..."

பாடிவிட்டு, பழக்க தோஷத்தில், பதிலுக்கு இடம் விட்டு நிறுத்தினாள். அடுத்த வருஷம். மறுபடி இடைவெளி. சூயஸ் கால்வாய் வரை நன்றாகத்தான் போனது. அந்த இடைவெளியில் ஒரு முணுமுணுப்பு கேட்டது. பக்கத்து வீட்டில் ஜெபம் போலிருக்கிறது என்று நினைத்தாள்.

அடுத்த இடைவெளியில் அது தெளிவாக வந்தது. ஆண் குரல்கள்.

"...எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

சுவருக்குள்ளிருந்து வந்தது.

நிறுத்தத்தான் நினைத்தாள். வாய் நிற்கவில்லை. ராகம் அவளை இழுத்துக்கொண்டே போனது. நாற்பத்திரண்டு, பிப்ரவரி, சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது... அதோடு சரக்குத் தீர்ந்தது. போன வருஷமும் அந்தப் பக்கத்தில்தான் புத்தகத்தை மூடியிருந்தாள்.

வெளியே 'டக்' என்று தாழ்ப்பாள் விழுந்தது.

தங்கை தங்கத்தின் சேட்டை என்று நினைத்துக் கதவைத் தள்ளினாள். அசையவில்லை. மேலே கண்ணாடி ஓடு கறுத்துவிட்டது. மணி ஆறே முக்கால் இருக்கும்.

"தங்கம், விளையாடாத. திற."

பதில் பின்னாலிருந்து வந்தது.

"அப்புறம்?"

தாகத்தில் வறண்ட குரல்.

கதவை இரண்டு கையாலும் அடித்தாள். கத்திப் பார்த்தாள். கீழே ஒருவருக்கும் கேட்கவில்லை. மங்கள வார்த்தை ஜெபம்கூட நாக்கில் வரவில்லை.

"அப்புறம்?"

இப்போது பல குரல்கள். அருகில்.

புத்தகம் கையில் இருக்கிறது... எழுத்துத் தெரியவில்லை.

"அப்புறம்?"

காதருகே மூச்சு.

வகுப்பில் தனசேகரன் சார் இதைத்தான் நடத்தினார். அவள் ஓரத்தில் பூப்படம் போட்டுக்கொண்டிருந்தாள். என்ன சொன்னார்... என்ன சொன்னார்...

"நாப்பத்தஞ்சு," என்றாள் அழுதுகொண்டே. "ஜப்பான்காரன் சரணடைஞ்சுட்டான். பிரிட்டிஷ்காரங்க திரும்பி வந்துட்டாங்க."

"அப்புறம்?"

"சண்டை முடிஞ்சுபோச்சு. வெளிய போகலாம்."

ஒரு நீண்ட பெருமூச்சு...

வெறுங்காலடிகள் அவளைக் கடந்து போயின.

தாழ்ப்பாள் விலகியது.

அன்று மாலை வீட்டார் எல்லாரும், தங்கம் உட்பட, கோயிலுக்கு நவநாள் ஜெபத்துக்குப் போயிருந்தார்கள். பிரிஜட்டுக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் விட்டதும் முதல் வேலையாக அந்தப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்தாள். அப்பாவுக்கே ஆச்சரியம். யாராவது மறுபடி கேட்டால் சொல்ல வேண்டுமே என்ற பயம் அவளுக்குத்தான் தெரியும். அந்த முறை தேறிவிட்டாள்.

மிட்டாய் கொண்டுபோய்க் கொடுத்தபோது நெய்னாவிடம் மட்டும் நடந்ததைச் சொன்னாள். அவர் மிட்டாயைக் கல்லாமேல் வைத்துவிட்டுச் சொன்னார்.

"சயாம் ரயில் வேலைக்கு ஜப்பான்காரன் ஆள் பிடிச்சப்போ, எங்க வாப்பா அஞ்சு பேர அங்க ஒளிச்சு வச்சாரு. எல்லாரும் உங்க கோயில் பிள்ளைங்க. வெளிய தாழ்ப்பாள் போட்டு, கதவு தெரியாம அரிசி மூட்டைய அடுக்கிட்டாரு. நாங்க ஊருக்கு வெளிய, பொங்கோல் கம்பத்துக் குடிசைல இருந்தோம். மறுநாளே வாப்பாவப் பிடிச்சுட்டுப் போனாங்க. திரும்பல. கீழ ஜப்பான்காரன் தங்கிட்டான். உள்ள இருந்தவங்க சத்தம் போட முடியுமா? சண்டை முடிஞ்சு வந்து மூட்டைய நகத்தினப்போதான் எங்களுக்கே தெரியும்."

அந்தத் தாழ்ப்பாளையாவது கழற்றிவிடுங்கள் மாமா என்று பிரிஜட் கேட்டாள்.

"அத அன்னிக்கே பிடுங்கிப் போட்டாச்சு பிள்ள. அந்தக் கதவுல தாழ்ப்பாளே கிடையாது."

அவள் நம்பவில்லை. பட்டப்பகலில் தங்கத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மேலே போய்ப் பார்த்தாள். கதவின் வெளிப்புறத்தில் பழைய திருகாணி ஓட்டைகள் மட்டும் இருந்தன. அவற்றின்மேல் பச்சைப் பெயின்ட் பூசியிருந்தது.