மைனஸ் என்றால் வெளியே

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது டயர்களைப் பற்றி எல்லாம் தெரிந்தவள் நான். தெரிந்தது இவ்வளவுதான்: சித்தப்பாவின் பிக்கப்புக்குப் பெரிய டயர் போட வேண்டும். போட்டால் பாப்பா வந்துவிடும்.

இதை நானாகக் கற்பனை செய்யவில்லை. சித்தப்பா வாயாலேயே கேட்டேன்.

மலேசியாவில், பத்து காஜா என்ற ஊருக்குப் போகும் பெரிய சாலையிலிருந்து பிரிந்து உள்ளே வரும் செம்மண் பாதையின் கடைசியில் இருந்தது எங்கள் தோட்டம். தோட்டம் என்று வாய்ப்பழக்கத்தில் சொல்கிறேன். ரப்பர் மரங்களை வெட்டி, நிலத்தை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றாகிவிட்டது. மாற்று வீடு கிடைக்கும் என்று நம்பிக்கொண்டு ஏழெட்டுக் குடும்பங்கள் மட்டும் லயத்து வரிசை வீடுகளில் ஒட்டிக்கொண்டிருந்தோம். மண் லாரிகள் ஓடி ஓடிப் பாதையின் நடுவில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. மழை பெய்தால் அது பள்ளமில்லை, குளம்.

அப்படியொரு மழையில்தான் சித்திக்கு வலி வந்தது. சித்தப்பா பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். வண்டி பள்ளத்தில் புதைந்துபோனது. டிராக்டர் வந்து இழுக்கும்வரை இருவரும் அதற்குள்ளேயே இருந்தார்கள். சில நாள் கழித்து சித்தி வீடு திரும்பியபோது வயிறும் இல்லை, கையில் பாப்பாவும் இல்லை. “பாப்பா வரல,” என்று அம்மா சொன்னார். அதற்கு மேல் கேட்டால் முதுகில் ஒன்று விழும் போலிருந்தது. ஆனால் வாசலில் சித்தப்பா என் அப்பாவிடம், “டயரு மட்டும் பெருசா இருந்திருந்தா பாப்பா வந்திருக்கும்ண்ணே,” என்று சொன்னது உள்ளே படுத்திருந்த எனக்கு நன்றாகவே கேட்டது.

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அப்பாவின் மோட்டார்சைக்கிள் படுத்துவிட்டால் பட்டறையில் விட்டுவிட்டு வருவார். சரியானதும் போய் எடுத்து வருவார். பாப்பாவையும் அப்படித்தான் ஆஸ்பத்திரியில் விட்டு வந்திருக்கிறார்கள். சின்ன டயரில் கொண்டுவர முடியவில்லை. அவ்வளவுதானே? இதற்கு ஏன் வீட்டில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து அழுகிறார்கள் என்பதுதான் விளங்கவில்லை.

ஆகவே சித்தப்பா ஈப்போவுக்கு டயர் மாற்றப் போகிறார் என்று தெரிந்ததும் முதல் ஆளாகப் பிக்கப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். நான் இல்லாமல் காரியம் நடக்காது என்று எண்ணம். அம்மா சித்தியையும் பிடித்துத் தள்ளாத குறையாக ஏற்றிவிட்டார். “நாலு சுவத்தையே பாத்துக்கிட்டு கெடந்தா ஆச்சா? காத்தாட போயிட்டு வா.” சித்தி ஈப்போ வரும்வரை கண்ணாடிப் பக்கமே திரும்பியிருந்தார்.

டயர் கடைத் தவுக்கே, அதாவது முதலாளி, வயதான சீனர். தோட்டத்து லாரிக்காரர்களோடு பேசிப் பேசியே தமிழ் பழகியவர்.

“என்னா அண்ணே, இவ்ளோ பெரிய டயரு? யானை பிடிக்கப் போறியா?”

சித்தப்பா சிரிக்கவில்லை. “சேத்துல மாட்டக்கூடாது தவுக்கே.”

“போலே, போலே, போடலாம். ஆனா பழைய ரிம்முல போட்டா உள்ள இடிக்கும் லா.”

அப்புறம் ஒவ்வொரு ரிம்மாகக் கவிழ்த்து, உள்பக்கம் பொறித்திருந்த எண்ணைக் காட்டினார். அதற்குப் பெயர் ஆஃப்செட். அவர் வாயில் அது ‘அப்செட்’ என்றுதான் வந்தது. எண் பிளஸ்ஸில் ஏற ஏறச் சக்கரம் வண்டிக்கு உள்ளே போகும், மைனஸ் என்றால் வெளியே வரும் என்றார். இங்கேதான் நான் தலையிட வேண்டியதாயிற்று.

“தப்பு. மைனஸ்னா கொறையும். எங்க டீச்சர் சொன்னாங்க.”

“உங்க டீச்சர் ரிம்மு விக்கல தங்கச்சி. இங்க மைனஸ்னா வெளிய.”

கணக்கே தெரியாத மனிதரிடம் பாப்பாவின் காரியத்தை ஒப்படைத்திருக்கிறார்களே என்று வருத்தமாக இருந்தது.

ஆனால் அந்த மைனஸ் ரிம்மை மாட்டியதும் என் வருத்தம் பறந்துவிட்டது. கறுப்பு ரிம், மட்கார்டுக்கு வெளியே நண்டுக்கால் மாதிரி பிதுங்கி நிற்கும் டயர். இதில் வந்து இறங்கினால் பாப்பாவுக்கு என்ன மரியாதை! சித்தப்பாவுக்கும் முதலில் அதுதான் பிடித்தது. அகலமாக நின்றால் சாயாது என்றார். முன்சக்கரம் ஒன்றை மரக்கட்டை மேல் ஏற்றி, ஸ்டீரிங்கைக் கடைசிவரை ஒடித்தார். மட்கார்டின் ஓரத்தில் டயர் கர்ரென்று உரசியது.

“மட்கார்டு வெட்டலாம்,” என்றார் தவுக்கே. “ஆனா இவ்ளோ வெளிய வந்தா, பள்ளத்துல ஏதாச்சும் அடிச்சா ஸ்டீரிங்கு கையிலேருந்து புடுங்கும்.”

“புடுங்குனா?”

“நீ நேரா போகணும்ப. வண்டி சைடுல போகும்.”

“கழட்டு,” என்றார் சித்தப்பா.

நான் ரிம்மைக் கட்டிக்கொண்டு ஒரு மூச்சு அழுதேன். யாரும் பொருட்படுத்தவில்லை. அடுத்து பிளஸ் அதிகமானது ஒன்று. அது உள்ளே சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையில் உரசியது. அதுவும் கழன்றது. மூன்றாவது, இரண்டுக்கும் நடுவில், பிளஸ் பத்து. பார்க்க ஒரு லட்சணமும் இல்லை. இடது பக்கம் ஒடித்தார், வலது பக்கம் ஒடித்தார். சத்தமே இல்லை. அப்போதும் சித்தப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. வண்டியில் ஆள் இருக்கும்போது எப்படி என்று பார்க்க வேண்டும் என்று சித்தியை முன்னால் உட்காரச் சொன்னார். நானும் ஏறிக்கொண்டேன். தலையை வெளியே நீட்டிக் காதைத் தீட்டிக்கொண்டு மறுபடி மறுபடி ஒடித்தார்.

கீழே குந்தியிருந்த தவுக்கே குரல் கொடுத்தார். “இப்ப அப்செட் எப்படி? ஓகேயா?”

அதுவரை வாயே திறக்காத சித்தி அவசரமாகச் சொன்னார். “நான் அப்செட்லாம் இல்ல தவுக்கே. நல்லாத்தான் இருக்கேன்.”

வீட்டுக்கு வந்தவர் போனவரெல்லாம் அப்செட் ஆகாதே, அப்செட் ஆகாதே என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். பதில் நாக்கு நுனியிலேயே இருந்திருக்க வேண்டும்.

தவுக்கே எழுந்து நின்று விழித்தார். “ஐயோ, நீ இல்ல அக்கா. ரிம்மு!”

சித்தி சிரித்துவிட்டார். முன்பக்கம் குனிந்து, தோள் குலுங்க, நிறுத்த முடியாமல். துப்பட்டாவால் கண்ணை ஒற்றிக்கொண்டே இருந்தார். அவ்வளவு பெரிய சிரிப்பு என்று நானும் கூடவே சிரித்தேன். சித்தப்பா மட்டும் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “நாலும் இதையே மாட்டு,” என்றார்.

திரும்பும்போது செம்மண் பாதையில் பள்ளம் ததும்பி நின்றது. முந்தின நாள் பெய்த மழை. சித்தப்பா வண்டியை நிறுத்தவில்லை. மெதுவாக உள்ளே இறக்கினார். சேறு இரண்டு பக்கமும் விலகியது, வண்டி ஒரு முறை முனகியது, அக்கரை ஏறிவிட்டது. நான் கைதட்டினேன்.

சித்தப்பா அங்கே வண்டியைத் திருப்பினார். மறுபடியும் பள்ளத்தில் இறக்கி இந்தப் பக்கம் வந்தார். மறுபடியும் திருப்பினார். நடுப்பள்ளத்துக்கு வரும்போதெல்லாம் சித்தி கண்ணை மூடிக்கொண்டார். எனக்கோ கொண்டாட்டம். “இன்னொரு தடவ சித்தப்பா!” என்று நான் கத்தக் கத்த அவரும் ஓட்டினார். பாப்பாவுக்காக ஒத்திகை பார்க்கிறார் என்று புரிந்துகொண்டேன். வண்டி பெரிய சாலையைப் பார்த்து நின்ற ஒரு சமயத்தில் சித்தி அவர் கைமேல் கை வைத்தார்.

“போதும்லா. அது போயிருச்சு. வாங்க, வீட்டுக்குப் போலாம்.”

சித்தப்பா வண்டியைத் தோட்டத்துப் பக்கம் திருப்பினார்.

“சித்தப்பா, ஆஸ்பத்திரி அந்தப் பக்கம்,” என்று பின்னால் கையைக் காட்டினேன்.

சித்தி என் விரலை மெல்ல மடக்கித் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். இவ்வளவு நல்ல டயரைப் போட்டுக்கொண்டு வழியை மறந்துவிட்டாரே மனிதர் என்று நான் வீடு வரும்வரை கவலைப்பட்டுக்கொண்டே வந்தேன்.