ஜெய்னுலாப்தீனின் என்ஃபீல்டு

இது நடந்தது. கேட்பவர்கள் சிரித்தாலும் சரி. மலாக்காவில், காஜா பெராங்கில் தேவதாஸ் குடியிருந்த வீட்டில், பட்டப்பகலில் நடந்தது. மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மறு வருஷம்.

தேவதாஸ் நில அளவை ஆபீசில் வரைபடம் போடுகிறவர். வெள்ளைக்காரன் காலத்துப் பட்டாளத் துப்பாக்கிகள் மேல் அவருக்கு அப்படியொரு பைத்தியம். கம்யூனிஸ்டுகளை ஒடுக்கப் போட்ட அவசரகாலம் இன்னும் முடியவில்லை; துப்பாக்கி என்று வாய்திறக்கவே ஊர் பயந்தது. மருந்துத் துளையை ஈயம் ஊற்றி அடைத்துக் காட்டினால்தான் சுவரில் மாட்டிக்கொள்ளப் போலீஸ் விடும். அப்படி மூன்று வைத்திருந்தார். எல்லாம் துருவேறியவை. ஒன்றுக்குக் கட்டையே பாதிதான்.

தெங்கேராவில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஜெய்னுலாப்தீனுக்கும் அதே கிறுக்கு. ஆனால் அவர் கைக்கு எப்போதும் நல்லதே வந்து சேரும். நாட்டைவிட்டுக் கிளம்பிய ஒரு தோட்டத் துரையிடம் அவர் வாங்கிய என்ஃபீல்டைப் பார்த்ததும் தேவதாசுக்கு அடிவயிறு எரிந்தது. மதராஸ் பட்டாளம் மலாக்காவில் இருந்த காலத்துத் துப்பாக்கி. குழாயில் ஒரு பொட்டுத் துரு இல்லை. பித்தளைப் பூண் மின்னியது.

"அருமையா இருக்கு பாய்" என்றார் வாயால். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மகள் நிக்காவுக்காக நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறும் முன், ஜெய்னுலாப்தீன் அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"வீடு பூட்டிக் கெடக்கும். போலீஸ்ல சொல்லிட்டேன். நீதான் பத்திரமா ஜாகா பண்ணிப் பார்த்துக்கணும் தேவதாஸ். வேற யாரை நான் நம்புறது?"

தேவதாஸ் தன் துப்பாக்கிகளைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, அதை நடுச்சுவரில் மாட்டினார். பார்க்க வந்தவர்களிடம் தன்னுடையது என்றே சொன்னார். பாய் திரும்பி வராமலே போய்விட்டால்... நடுக்கடலில் கப்பல் முழுகுவதைக்கூட ஒருமுறை நினைத்துப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அடைமழை. மனைவி ருக்மணி பின்கட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். முன்னறைக்கு வந்த தேவதாஸ் அப்படியே நின்றார்.

சிமெண்டுத் தரையில் ஈரக் காலடிகள். வாசற்கதவிலிருந்து துப்பாக்கி மாட்டிய சுவர்வரை. கதவு உள்ளே தாழிட்டபடியே இருந்தது.

குனிந்து பார்த்தார். இடது காலுக்குப் பூட்ஸ் தடம். குதிகாலில் லாடம். வலது... வெறுங்கால். ஐந்து விரலும் பதிந்திருந்தன.

திரும்பிப் போன தடம் இல்லை.

துடைத்துவிட்டார். ருக்மணியிடம் சொல்லவில்லை. சொன்னால் துப்பாக்கியை வீட்டில் வைக்க விடமாட்டாள்.

மறுநாள் நல்ல வெயில். வேலைவிட்டு வந்து துப்பாக்கியைத் தொட்டார். ஈரம். பிடியில் மட்டும் சூடு... யாரோ இப்போதுதான் கையெடுத்தது போல.

"யாரு எடுத்தது?"

"நான் ஏன் அந்தச் சனியனத் தொடுறேன்?" என்றாள் ருக்மணி.

தேவதாசுக்குப் பயம் வரவில்லை. ஆத்திரம் வந்தது. என் துப்பாக்கியை எவன் தொட்டான்?

அடுத்த நாள் லீவு போட்டார். எதிரே நாற்காலி போட்டு, வெறுங்காலைத் தொங்கவிட்டுக் காவல் உட்கார்ந்தார். மத்தியானம் மழை பிடித்தது.

டக்...

லாடம் சிமெண்டில் பட்டது.

அடுத்து, ஈரமாக... சப்.

டக். சப். டக். சப்.

ஆள் இல்லை. தடம் மட்டும் விழுந்தது.

சுவருக்குப் போகவில்லை.

அவரிடம் வந்தது.

காதோரம் மூச்சு...

"எனக்கு வேணும்."

தமிழ்.

"என்னங்க! ஐயோ, என்னங்க!"

ருக்மணி அலறியபோதுதான் கண் திறந்தார். நாற்காலியில்தான் இருந்தார். துப்பாக்கி கால்களுக்கு நடுவே நிமிர்ந்து நின்றது. குழாயின் வாய் தாடைக்கடியில், சில்லென்று. வலது கால் கட்டைவிரல் விசைமேல். இடது காலில், ஆபீசுக்குப் போடும் சப்பாத்து.

அதை எப்போது போட்டார்?

"டொக்குன்னு சத்தம் கேட்டுத்தான் ஓடியாந்தேன்..." என்றாள். விசை இழுபட்டிருந்தது; உள்ளே மருந்து இல்லை.

ஜெய்னுலாப்தீன் ஊர் திரும்பிய அன்றே தேவதாஸ் துப்பாக்கியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். காலடித் தடத்தை மட்டும் சொன்னார். நாற்காலியைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

பாயின் முகம் மாறியது.

"ஒரு கால்ல பூட்ஸா? துரை சொன்னாரு... நான் கதைன்னு விட்டுட்டேன். குறிபார்த்துச் சுடுற போட்டியில ஜெயிச்ச சிப்பாய்க்கு இதைப் பரிசாக் குடுத்தாங்களாம். கூட்டாளிக்குப் பொறுக்கல. ஒரு மழைநாள்ல இதையே எடுத்து அவனைச் சுட்டுட்டான். அப்புறம் நிதானமா உட்கார்ந்து, மறுபடி மருந்து கெட்டிச்சு, ஒரு கால் பூட்ஸைக் கழட்டி, கட்டைவிரலால..."

துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எட்டு மாசம் என் வீட்டுலதான் தொங்குச்சு. ஒரு நாள்கூட வரலியே லா. உன்கிட்ட மட்டும் ஏன் வந்தான்?"

தேவதாஸ் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பதில் அவருக்குத் தெரியும். சாகும்வரை பாயிடம் சொல்லவில்லை.